ஒரகடத்துக் கடையில் ஒரு பொவண்டோ

2017 மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் எங்கள் கடைகளில் கிடையாது என்று தமிழ்நாட்டின் இரண்டு பெரிய வணிகர் அமைப்புகளும் அறிவித்தன. ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் கூடிய கூட்டம் கலைந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. தாமிரபரணித் தண்ணீரைக் கங்கைகொண்டான் குளிர்பான ஆலைகளுக்குக் கொடுக்கலாமா என்ற வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் கோடையில் காளி மார்க் பொவண்டோவைக் கடை கடையாகக் கேட்டு அலைந்தவர்களில் நானும் ஒருவன். கல்யாண வீட்டுப் பந்தியிலும் கட்சிக் கூட்டத்திலும் பன்னீர் சோடா வந்தது. வருஷக்கணக்கில் கண்ணில் படாத கோலி சோடாவைத் தள்ளுவண்டியில் வைத்து விற்றார்கள். நம் ஊர்க் கலர் திரும்பிவிட்டது என்று மனதார நம்பினேன்.

இன்று ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில் ஏதாவது ஒரு கடையின் ஃபிரிட்ஜைப் பாருங்கள். கண்ணுக்கு நேரான தட்டுகளில் அதே இரண்டு கம்பெனிச் சரக்குதான். அதற்குப் பக்கத்தில் பத்து ரூபாய் காம்பா. பொவண்டோ இருந்தால் கீழ்த்தட்டில், தண்ணீர் பாட்டிலுக்குப் பின்னால் இருக்கும். சில கடைகளில் ஃபிரிட்ஜுக்கு வெளியே, அட்டைப் பெட்டியிலேயே கிடக்கும். மே மாதத்தில் அதை எவர் கேட்டு வாங்குவார்?

காளி மார்க் சின்ன வரலாறு உள்ள பெயர் இல்லை. 1916-ல் விருதுநகரில் பி.வி.எஸ்.கே. பழனியப்ப நாடார் தொடங்கியது. மிளகாயும் பருப்பும் எண்ணெயும் வாங்கி விற்ற ஊரில் ஒருவர் காற்றடைத்த தண்ணீரை விற்கத் துணிந்தார். குடும்பத்தின் அடுத்த தலைமுறைகள் ஊர் ஊராகப் பிரிந்து ஆலை நடத்தின. 1950-களின் இறுதியில் வந்தது பொவண்டோ. கோலாவின் நிறம், ஆனால் மூடியைத் திறந்ததும் வருவது திராட்சை வாசம். நாக்கில் ஏறும் காரம் கோலாவைவிடக் குறைவு, தொண்டையில் இறங்கும்போது ஒரு சின்னப் புளிப்பு நிற்கும். பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டுவிட்டு அதைக் குடித்தவர்களுக்கு வேறு எந்தக் குளிர்பானமும் சரிப்படாது. நான் அந்தக் கட்சி.

ஆனால் இந்தச் சாலையில் என் கட்சிக்கு ஆள் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான், ஒரகடத்தில் ரெனோவும் டைம்லரும் அப்போலோ டயரும். ஷிஃப்ட் விட்டு இறங்குகிறவர்களில் தென்மாவட்டத்து ஐடிஐ பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பையன்களும் இருக்கிறார்கள். வல்லம் வடகலில் 2024 ஆகஸ்டில் திறந்த பெண் தொழிலாளர் விடுதி மட்டுமே 18,720 பேருக்கானது. இவர்களில் பெரும்பாலோருக்குத் திருவிழாக் கடையில் பொவண்டோ குடித்த சின்ன வயது நினைவு இருக்க வழியில்லை. 'அந்நியப் பானம்' என்ற 2017-ன் கோபமும் இங்கே எடுபடாது. கொரியக் கம்பெனியிலும் பிரெஞ்சுக் கம்பெனியிலும் ஜெர்மன் கம்பெனியிலும் வேலை பார்த்து ஊருக்குப் பணம் அனுப்புகிற பிள்ளையிடம் போய், வெளிநாட்டுக்காரன் தயாரித்ததைக் குடிக்காதே என்று எந்த முகத்தோடு சொல்வது? எனக்குச் சொல்ல மனம் வரவில்லை.

நான் வழக்கமாக நிற்கும் கடையின் அண்ணாச்சி திருச்செந்தூர்ப் பக்கத்துக்காரர். ஒரு சாயங்காலம் ஒடிசாப் பையன் ஒருவன், யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து, ஃபிரிட்ஜைக் காட்டிக் கேட்டான். "அண்ணா, இது புது கம்பெனியா?"

"உங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துக் கம்பெனிடே. குடிச்சுப் பாரு" என்றார் அண்ணாச்சி.

குடித்தான். பாட்டிலைத் திருப்பி லேபிளைப் பார்த்தான். கூட வந்தவனிடம் நீட்டினான். அவனும் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, தனக்கும் ஒன்று கேட்டான். நூறு வயது தாண்டிய கம்பெனியைப் புதியது என்று நினைத்து, ருசிக்காக மட்டும் காசு கொடுத்தார்கள். மீட்சி என்று சொன்னால் எனக்கு இதுதான். நம்மைப் போன்றவர்கள் பழைய நாளை நினைத்து வருஷத்துக்கு இரண்டு பாட்டில் வாங்கினால் எந்த ஆலையும் ஓடாது. நினைவு எதுவும் இல்லாதவர்கள் தினம் கேட்டு வாங்கவேண்டும்.

அதற்கு முதலில் ஃபிரிட்ஜில் இடம் வேண்டும். கண்ணாடிக் கதவு வைத்த அந்த ஃபிரிட்ஜைப் பல கடைகளுக்குப் பெரிய கம்பெனிகளே கொடுக்கின்றன. கடைக்காரருக்கு முதல் போட வேண்டியதில்லை, ரிப்பேரும் அவர்கள் பொறுப்பு. பதிலுக்கு, அதற்குள் அவர்கள் சரக்கைத்தான் அடுக்கவேண்டும். கரண்ட் பில் மட்டும் கடைக்காரருடையது. சேல்ஸ்மேன் வரும் நாளில் மற்ற பாட்டில்கள் கீழே இறங்கும், அவர் போனதும் ஏறும். அண்ணாச்சி தன் சொந்தக் காசில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் வாங்கிப் போட்டிருப்பதால்தான் அந்தப் பையனுக்கு ஜில்லென்று ஒரு பொவண்டோ கிடைத்தது. அதற்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

இன்னொன்று பாட்டில். கண்ணாடி பாட்டில் இருந்த காலத்தில் கலரைக் கடையில் நின்றே குடித்து, காலியைக் கொடுத்துவிட்டுப் போவோம். வீட்டுக்கு எடுத்துப்போனால் டெபாசிட். காலி பாட்டில் கிரேட்டில் ஏறி ஆலைக்குத் திரும்பி, கழுவி, மறுபடி நிரம்பி வரவேண்டும். பாட்டில் திரும்பி வரக்கூடிய தூரத்துக்குள்தான் வியாபாரம். அந்தத் தூரம் ஊருக்கு ஒரு கலர் கம்பெனிக்கு வேலியாக இருந்தது. தூக்கியெறியும் பிளாஸ்டிக் பாட்டில் வந்ததும் வேலி போயிற்று. எங்கோ நிரப்பியதை எங்கும் கொண்டுபோய் இறக்கலாம். லாரியும் விளம்பரப் பணமும் அதிகம் வைத்திருப்பவர் ஜெயிப்பார். சின்னக் கம்பெனிகள் பல இதில்தான் மூடின. நம் நாக்கு மாறிவிட்டது என்று சொல்வது அவர்களுக்குச் செய்கிற அநியாயம்.

அந்த வேலியின் கடைசித் துண்டு கோலி சோடா. இங்கிலாந்துக்காரர் ஹிராம் காட் 1872-ல் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. கழுத்தில் ஒரு இடுக்கு, அதற்கு மேலே ஒரு கோலி, வாயின் உள்பக்கம் ஒரு ரப்பர் வளையம். பழைய கை மெஷினில் பாட்டில்களைக் கூண்டுக்குள் பூட்டி, பிடியைச் சுற்றித் தலைகீழாக்கி காஸ் ஏற்றுவார்கள். கோலி சரிந்து வளையத்தில் உட்காரும். நிமிர்த்தினாலும் உள்ளே இருக்கும் காஸ் அதை விழவிடாது. மூடியும் கிடையாது, ஓப்பனரும் தேவையில்லை. கட்டைவிரலில் ஒரு அழுத்து, புஸ்ஸென்று ஒரு சத்தம், கோலி இடுக்குக்கு இறங்கிவிடும். ஜப்பானில் இதே பாட்டிலில் ராமுனே என்று விற்பதைக் குழந்தைகள் இன்றும் குடிக்கிறார்கள். 2025 மார்ச்சில் மத்திய அரசின் வேளாண் ஏற்றுமதி அமைப்பான அபீடா, நம் கோலி சோடா அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் வளைகுடாவுக்கும் போவதைப் பெருமையாக அறிவித்தது. எனக்கும் பெருமைதான்.

ஆனால் அதே அரசின் வரிப் பட்டியலைப் பாருங்கள். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது, இனிப்போ சுவையோ சேர்த்த காற்றடைத்த பானத்துக்கு 28 சதவீத வரி, அதன் மேல் 12 சதவீத செஸ். வணிகர்கள் கோக்கை நிறுத்தி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஊர்க் கலருக்குக் கிடைத்த ஒரே நல்ல கோடையின் முடிவில் 40 சதவீதம் தலையில் விழுந்தது. 2025 செப்டம்பர் 22-ல் வரி அடுக்குகளை மாற்றியபோது செஸ்ஸை நீக்கி நேராகவே 40 சதவீதம் ஆக்கினார்கள். எதுவும் சேர்க்காத வெறும் சோடாவுக்கு 5 சதவீதம். அதே மெஷினில், அதே ஆள், அதே பாட்டிலில் கொஞ்சம் சர்க்கரையும் பன்னீர் வாசமும் சேர்த்தால் 40.

இதைவிட எனக்கு வலிப்பது வேறு. வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி ரூபாய்க்குள் வியாபாரம் செய்யும் சின்ன உற்பத்தியாளர்கள் மொத்தமாக ஒரு சதவீதம் கட்டிவிட்டுப் போக ஜிஎஸ்டியில் ஒரு தொகுப்பு முறை இருக்கிறது. ஊறுகாய் போடுகிறவர், அப்பளம் இடுகிறவர் எல்லாம் அதில் சேரலாம். காற்றடைத்த பானம் தயாரிப்பவர்களை 2019 அக்டோபரில் அதிலிருந்து விலக்கினார்கள். ஐஸ்கிரீம், பான் மசாலா, புகையிலை வரிசையில் சோடாக்காரரும் நிற்கிறார். வாலாஜாபாத்தில் குடும்பமாகப் பன்னீர் சோடா நிரப்புகிற ஒருவரும், உலகம் முழுக்க விற்கிற கம்பெனியும் ஒரே சதவீதம். பெரியவர் அதைத் தன் அளவில் தாங்கிக்கொள்வார். சின்னவர் விலையை ஏற்றினால் விற்காது, ஏற்றாவிட்டால் கட்டாது.

காம்பா திரும்பி வந்ததை இதோடு வைத்துப் பார்க்கவேண்டும். 1977-ல் கோக் வெளியேறியபின் வட இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த பெயர் அது. 2022-ல் ரிலையன்ஸ் வாங்கி, 2023 மார்ச்சில் மறுபடி இறக்கியது. சூரத்தில் 1923-ல் சுதேசிப் பானமாகத் தொடங்கிய சோஸியோவிலும் 2023-ல் பாதிப் பங்கு ரிலையன்ஸிடம் போயிற்று. பழைய பெயர் வாழ்கிறது, அது நல்லது. ஆனால் பத்து ரூபாய்க்குக் கொடுத்து எல்லாக் கடையிலும் நிறுத்த அவ்வளவு பெரிய முதல் தேவைப்பட்டது. அந்த முதல் இல்லாத ஊர்ப் பெயர்களுக்கு என்ன வழி?

இங்கிலாந்தின் பீர் கதையில் ஒரு வழி தெரிகிறது. 1960-களில் பெரிய கம்பெனிகள் ஊர் ஊராக இருந்த பழைய ப்ரூவரிகளை வாங்கி மூடின. நாடு முழுக்க ஒரே மாதிரி பீர். 1971-ல் குடிப்பவர்களே இயக்கம் கட்டினார்கள். அப்போதும் சின்ன ப்ரூவரிகள் திணறிக்கொண்டுதான் இருந்தன. 2002-ல் அரசு ஒரு காரியம் செய்தது: வருஷத்துக்கு ஐந்து லட்சம் லிட்டருக்குள் காய்ச்சுபவர்களுக்கு வரியைப் பாதியாக்கியது. அதன்பின் புதிய சின்ன ப்ரூவரிகள் நூற்றுக்கணக்கில் வந்தன. தமிழ்நாட்டில் சில்லறை மது விற்பனை 2003 முதல் டாஸ்மாக் கையில் இருப்பதால் பீரில் அப்படி ஒன்று நடக்க இடமில்லை. கலரில் நடக்கலாம்.

சர்க்கரைப் பானத்துக்கு ஏன் பரிந்து பேசுகிறாய் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பொவண்டோவில் இருப்பதும் சர்க்கரைதான்; தினம் குடிக்கும் பிள்ளைக்கு அது நல்லதில்லை. அதற்காக வரி போடுவதானால் சர்க்கரைக்குப் போடட்டும். 2018 ஏப்ரலில் அதே இங்கிலாந்து அப்படித்தான் போட்டது. நூறு மில்லியில் எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்து லிட்டருக்கு இவ்வளவு என்று வைத்தார்கள். பல கம்பெனிகள் வரிக்குப் பயந்து சர்க்கரையைக் குறைத்தன. வருஷத்துக்குப் பத்து லட்சம் லிட்டருக்குக் கீழே தயாரிக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு விலக்கும் கொடுத்தார்கள். நம் 40 சதவீதம் சர்க்கரையை எண்ணுவதில்லை. சர்க்கரையே இல்லாத டயட் கோலாவுக்கும் அதே 40, பாகாய் இனிப்பதற்கும் அதே 40. குறைவாக இனிப்பு சேர்க்க நினைக்கும் சோடாக்காரருக்கு அதில் ஒரு பைசா லாபம் இல்லை.

இதே சாலையில்தான் ராயல் என்ஃபீல்டு இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த பெயர். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் கூட்டுச் சேர்ந்து திருவொற்றியூருக்குக் கொண்டுவந்தது. 1970-களின் தொடக்கத்தில் தாய்க் கம்பெனி மூடியபோதும் திருவொற்றியூரில் வண்டி கட்டுவது நிற்கவில்லை. 2013-ல் ஒரகடம், 2017-ல் வல்லம் வடகல் என்று ஆலைகள் வந்தன. ராணுவம் வாங்கியது, போலீஸ் வாங்கியது, வங்கி கடன் கொடுத்தது, சிப்காட் நிலம் கொடுத்தது. பழைய பெயர் நிலைக்க அரசு தோள் கொடுப்பதில் தப்பில்லை. புல்லட்டுக்குக் கொடுத்ததில் நூறில் ஒரு பங்கைச் சோடாவுக்கும் கேட்கிறேன்.

என்ன கேட்கிறேன் என்று பெரிய பட்டியல் இல்லை. ஜிஎஸ்டி கவுன்சிலின் அடுத்த கூட்டத்தில் தமிழ்நாட்டு நிதியமைச்சர், ஒன்றரைக் கோடிக்குள் விற்கும் சோடா உற்பத்தியாளர்களைத் தொகுப்பு முறையில் மறுபடி சேர்க்கச் சொல்லிப் பேசவேண்டும். குறுந்தொழிலுக்கு மாநில அரசு தரும் கடனிலும் மானியத்திலும், நிரப்பும் மெஷினோடு பத்துக் கடைக்கான ஃபிரிட்ஜையும் முதலீடாக ஏற்கவேண்டும். இந்தத் தடத்தில் தினமும் ஆயிரக்கணக்கானோருக்குச் சாப்பாடு போடும் கேன்டீன்கள், வாரத்தில் ஒரு நாளாவது காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே நிரப்பிய பன்னீர் சோடாவை, திரும்பி வரும் கண்ணாடி பாட்டிலில் வாங்கிப் பார்க்கட்டும். லாரி எப்படியும் தினம் வந்து போகிறது. காலி பாட்டில் அதிலேயே திரும்பும்.