சொல்லக் கூச்சப்படும் சங்கதி

எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது வாசல் பெண், பனியன் கம்பெனியில் டெய்லர். போன மாசம் ஒரு நாள் விடியற்காலையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, வெளிக்குப் போனா ரத்தம் வருதுங்க்கா. ஆருகிட்டயும் சொல்லீராதீங்க" என்றாள். நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போகிறாளாம். மூலம் என்று பயந்து, யாரோ சொன்ன பேதி மாத்திரையை வாங்கி வாங்கி விழுங்கியிருக்கிறாள்.

விசாரித்தால், காரணம் வயிற்றில் இல்லை. கம்பெனி பாத்ரூமில் இருக்கிறது! தாழ்ப்பாள் இல்லாத கதவு, தண்ணீர் வராத குழாய். பீஸ் ரேட் வேலையில் எழுந்து போனால் காசும் போகிறது. அதனால் ஒன்றரை ஷிப்ட் முடிகிறவரை ஒரே டம்ளர் தண்ணீரோடு ஓட்டியிருக்கிறாள். தொழிலாளிக்குக் குடிதண்ணீரும், பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் வேண்டுமென்று 1948-லேயே தொழிற்சாலைச் சட்டத்தில் எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகுமா?

ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிப் போனேன். லேடி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். சக்கையிலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது பெருங்குடலின் வேலை. நாம் அடக்க அடக்க அது உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகிவிடும். அது வெளியேறும்போது ஆசனவாயில் கீறல் விழும். வலிக்குப் பயந்து மறுபடி அடக்குவோம், இன்னும் கெட்டிப்படும். இவளுக்கு மூலமில்லை, வெடிப்புதான். மலம் இளக மருந்து கொடுத்து, வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னார்.

தினமும் போகாவிட்டால் வியாதி என்று பதற வேண்டாம், சகோதரிகளே. வாரத்துக்கு மூன்று தடவைக்கும் குறைவாக, முக்கி முக்கிப் போனால்தான் மலச்சிக்கல்.

சாப்பாட்டையும் பார்க்கணும். காலையில் டீயும் பன்னும், ராத்திரி புரோட்டா என்றால் நார்ச்சத்து எங்கிருந்து வரும்? ஒரு நாளைக்கு 30 கிராமாவது வேண்டும். நம் பக்கத்துக் கம்மஞ்சோறு, ராகிக்களி, பச்சைப்பயறு கடையல், கீரை, விதையோடு கொய்யாப்பழம் எல்லாம் அதற்குத்தான். ஆனால் தண்ணீர் குடிக்காமல் நாரை மட்டும் கூட்டினால் இன்னும் இறுகும். இசப்கோல் வாங்குகிறவர்களும் டம்ளர் நிறையத் தண்ணீரோடுதான் சாப்பிட வேண்டும்.

காலை ஆகாரம் உள்ளே போனதும் பெருங்குடல் தானாக அசையும். அந்த நேரத்தை விடக் கூடாது. கம்பெனி வேன் வருவதற்கு அரை மணி முன்னாலேயே சாப்பிட்டுவிடு என்று இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

கர்ப்பிணிகளுக்குக் கர்ப்பத்தினாலேயே குடல் மந்தப்படும், இரும்புச்சத்து மாத்திரையும் சேர்ந்து இறுக்கும். அதற்காக மாத்திரையைத் தூக்கிப் போடாதீர்கள், நர்ஸிடம் சொல்லுங்கள். குழந்தைகளுக்கு நம் பாட்டிமார் மாதிரி விளக்கெண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம். ரத்தம், வாந்தி, வயிறு உப்புசம், காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, இவற்றில் எது இருந்தாலும் கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாமல் டாக்டரிடம் போங்கள்.

இப்போது அவள் பெரிய பாட்டிலில் தண்ணீர் கொண்டு போகிறாள். நாலு பெண்களாகச் சேர்ந்து சூப்பர்வைசரிடம் கேட்டு, கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. குழாய்க்கு இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.