தைத்துப் பார்த்துவிட்டுத் திட்டுங்கள்



"படிக்காவிட்டால் செருப்புத் தைக்கத்தான் போவாய்" என்று இன்னும் பிள்ளைகளைத் திட்டுகிறீர்கள். ஒரு தோல் பை தைத்துப் பாருங்களேன்!

வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும். முதுகுப் பகுதிதான் பாரம் தாங்கும். அதைப் பார்த்து வெட்ட வேண்டும். குத்தூசியால் சம இடைவெளியில் துளையிட்டு, மெழுகிட்ட ஒரே நூலின் இரு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் எதிரெதிராக இழுக்க வேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை பிடித்து நிற்கும். இது அறிவில்லாதவர் வேலையா?

பெரிய கடையில் ரெக்சின் பைக்குச் சொன்ன விலை கொடுக்கிறீர்கள். கையால் தைத்தவரிடம் மட்டும் பேரம்! தோல் பை தோளில் தொங்கலாம். தைத்தவர் திண்ணையில் உட்காரக் கூடாதா?

அந்த வசவை இன்றோடு விடுங்கள். வீட்டில் யாராவது சொன்னால், என் பெயரைச் சொல்லித் தடுங்கள்.