பேனர் சரிந்தது, லாரி ஏறியது: பொறுப்பு யாருக்கு?

ஆடிக்கிருத்திகை வந்தால் திருத்தணி மலையடிவாரச் சாலைகளில் காவடிக் கூட்டம் அலைமோதும். ஆந்திராவிலிருந்தும் மக்கள் வருவார்கள். அதே சாலையோரங்களில் வரவேற்பு பேனர்களும் முளைக்கும். அவற்றில் ஒன்று சரிந்து உயிர் போனால் யார் பதில் சொல்வது?

2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில் அதுதான் நடந்தது. இருசக்கர வாகனத்தில் சென்ற இளம்பெண் மீது திருமண பேனர் விழுந்தது. நிலைதடுமாறி விழுந்தவர் மீது தண்ணீர் லாரி ஏறியது. உயிரைப் பறித்தது லாரிதானே என்று பேனர் வைத்தவர் தப்பிவிட முடியுமா? முடியாது. இடையில் புகுந்த சம்பவம் முன்கூட்டியே ஊகிக்கக் கூடியதாக இருந்தால், முதல் தவறு செய்தவரின் பொறுப்பு நீங்காது. வண்டிகள் ஓடும் சாலையில் விழுபவர் மீது வண்டி ஏறும் என்பது யாருக்கும் தெரியாததல்ல.

கண்டும் காணாமல் இருந்த அதிகாரிகளின் நிலை? சிக்கலே இங்குதான். பள்ளிக்கரணை வழக்கில் அரசு 5 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தந்து, அதைப் பொறுப்பான அதிகாரிகளிடம் வசூலிக்கலாம் என்றது சென்னை உயர் நீதிமன்றம். ஆனால் 1997இல் 59 பேர் பலியான டெல்லி உப்ஹார் தியேட்டர் தீ விபத்தில், உச்ச நீதிமன்றம் 2011இல் வேறு கோடு போட்டது. இழப்பீட்டில் தியேட்டர் தரப்புக்கு 85 சதவீதம், மின் வாரியத்துக்கு 15 சதவீதம். உரிமம் கொடுத்த காவல்துறைக்கும் மாநகராட்சிக்கும் பொறுப்பில்லை. விபத்தோடு அவர்களுக்கு நெருங்கிய, நேரடித் தொடர்பு இல்லையாம்!

ஆகவே, ஆபத்தான பேனர் பற்றி நகராட்சிக்கு முன்பே எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வைத்திருப்பது நல்லது. ‘எங்களுக்குத் தெரியாது’ என்று அதிகாரிகள் சொல்ல அப்போது வழியிருக்காது.