வியர்வையோடு போகும் பலம்

பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிக் காலம் வந்துவிட்டால் தாய்மாருக்கும் வேலை கூடிவிடும். உடுப்புக் கழுவுகிறோம், வெயிலில் கறுத்து வரும் பிள்ளையைக் கடிந்துகொள்கிறோம். ஆனால், காலையில் கொடுத்தனுப்பிய தண்ணீர்ப் போத்தல் மாலையில் வெறுமையாக வருகிறதா, நிறைந்தபடியே வருகிறதா என்று பார்ப்பவர்கள் எம்மில் எத்தனை பேர்?

1984 ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில்தான் முதன்முதலாகப் பெண்களுக்கான மரதன் ஓட்டம் இடம்பெற்றது. அதில் ஓடிய சுவிற்சர்லாந்து வீராங்கனை கப்ரியேலா அண்டர்சன் ஷீஸ், வழியில் இருந்த கடைசித் தண்ணீர் நிலையத்தைத் தவறவிட்டுவிட்டார். மைதானத்துக்குள் நுழைந்தபோது அவரது உடல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கடைசி 400 மீற்றரைத் தள்ளாடித் தள்ளாடிக் கடக்க 5 நிமிடங்களுக்கு மேல் எடுத்தது. வெப்பமும் நீரிழப்பும் சேர்ந்து, பல வருடம் பழகிய கால்களையே பேச்சுக் கேளாதபடி செய்துவிட்டன.

எமது தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான். வியர்வை வழிய வழிய இரத்தத்தின் அளவு குறைகிறது. அந்தக் குறைந்த இரத்தம் தசைக்கும் போகவேண்டும், உடல் சூட்டைத் தணிக்கத் தோலுக்கும் போகவேண்டும். ஆகவே இதயம் வேகமாக அடிக்கிறது. தசை விரைவில் களைக்கிறது. 50 கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு லீற்றர் வியர்வையை இழந்தாலே, அது உடல் எடையில் நூற்றுக்கு 2 பங்கு. வெயிலில் நீண்ட நேரம் ஓடுபவரின் வேகம் குறைய அதுவே போதும்.

அதற்காக அளவுமீறிக் குடிப்பதும் ஆபத்து. 2002 ஆம் ஆண்டு பொஸ்டன் மரதனில் பரிசோதிக்கப்பட்ட 488 பேரில் 13 வீதமானோரின் இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடும் அளவுக்குக் குடித்தவர்களிடமே இது அதிகம் காணப்பட்டது.

பயிற்சிக்கு இரண்டு மணித்தியாலம் முன்பே தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். இடையிடையே தாகத்துக்கேற்பச் சில மிடறுகள் போதும். சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று அறிந்துகொள்ளுங்கள். நோன்பு காலத்தில் கடும் பயிற்சியை நோன்பு திறந்த பின்னர் வைத்துக்கொள்வது நல்லது. வெயிலில் ஓடிய பிள்ளை தடுமாறினால், பேச்சுக் குழறினால், உடனே நிழலில் கிடத்தி, உடலை நனைத்து விசிறி, வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள். மயக்க நிலையில் வாயில் எதையும் ஊற்றவேண்டாம்.

இன்னுமொரு விடயம், சகோதரிகளே! பெண்பிள்ளைகள் பலர் தண்ணீரைத் தொடாமல் இருப்பது தாகம் இல்லாததால் அல்ல. பாடசாலை மலசலகூடத்துக்குப் போகக் கூச்சப்பட்டுத்தான். இதை அவர்கள் வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். நிறைந்த போத்தலோடு மகள் வீடு திரும்பினால் ஏசவேண்டாம். பக்கத்தில் இருத்தி மெல்லக் கேளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில், கதவும் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள மலசலகூடம் வேண்டுமென்று நீங்களே எழுந்து சொல்லுங்கள்.