கயிற்றை விடாதே மச்சான்

ஆங்கில விண்வெளிப் படங்களில் கப்பல் எத்தனை கோடி மைல் போனாலும் கேப்டன் மட்டும் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் நடப்பதுபோல் விறைப்பாக நடப்பார். 'ஸ்டார் ட்ரெக்'கில் கேட்டால் 'செயற்கை ஈர்ப்பு' என்பார்கள். மேற்கொண்டு கேட்கக் கூடாது. டின்டின் காமிக்ஸில் காந்த பூட்ஸ். 1968-ல் குப்ரிக் எடுத்த '2001: எ ஸ்பேஸ் ஒடிஸி'யில் பணிப்பெண், தரையில் ஒட்டும் செருப்போடு, சேற்றில் நடப்பவர் மாதிரி அடிமேல் அடி வைத்துப் போவார். இவர்களில் குப்ரிக்கிற்கு மட்டும்தான் பாஸ் மார்க் போடலாம்.

சர்வதேச விண்வெளி நிலையம் பறப்பது சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில். ராமேஸ்வரத்திலிருந்து சென்னைக்கு நேர்கோடு போட்டால் ஏறக்குறைய அவ்வளவுதான். அங்கே பூமியின் ஈர்ப்பு 90 சதவீதம் பாக்கி இருக்கிறது. நிலையமும் ஆளும் ஒன்றாக விழுந்துகொண்டே சுற்றுவதால் மிதக்கிறார்கள்.

மிதப்பது சுலபம் சார். மிதந்தபடி வேலை செய்வதுதான் பாடு. ஸ்க்ரூவைத் திருகினால் ஸ்க்ரூ அப்படியே இருக்கும், நீங்கள் சுற்றுவீர்கள். பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்த நியூட்டனின் மூன்றாம் விதி அங்கே பழிவாங்கும்.

1966 ஜூனில் பழிவாங்கியது. ஜெமினி-9 கலத்திலிருந்து வெளியே வந்த யூஜின் செர்னனுக்குப் பிடித்துக்கொள்ள சரியான பிடிகள் இல்லை. கலத்தின் பின்பக்கம் போய் ஒரு ராக்கெட் மூட்டையை முதுகில் மாட்ட வேண்டும். கையை நீட்டினால் உடம்பு வேறு பக்கம் போகிறது. இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு 180 வரை ஏறியது. வியர்வை ஆவியாகித் தலைக்கவசக் கண்ணாடியை மறைக்க, மூக்கால் தேய்த்து ஓட்டை போட்டுப் பார்த்தார். மூட்டை வேலையைக் கைவிட்டு, கயிறு மாதிரி நீண்ட குழாயைப் பிடித்துத் தடவித் தடவித் திரும்பினார். உள்ளே இருந்தவர் டாம் ஸ்டாஃபோர்ட். வெளியே செர்னனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கிளம்பும் முன்பே அவரிடம் தனியாகப் பேசியிருந்தார்களாம். நல்ல பதிலே கிடையாத கேள்வி அது.

கயிற்றுக்கு இந்தப் பக்கம் யார் நிற்பது என்ற கவலை நம்ம கடலோரத்துக்குப் பழசு. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்த நாட்களில் கீழக்கரை ஆட்கள் கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து, மூச்சை அடக்கி இறங்குவார்கள். கயிறு ஆடினால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அசந்தால் போச்சு. அந்த வேலையை மச்சானுக்குத்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. அக்கா தாலி அவன் கையில்! ஸ்டாஃபோர்டுக்கு அப்படி ஒரு உறவும் இல்லை, பாவம்.

அமெரிக்கர்களுக்கும் வழி காட்டியது தண்ணீர்தான். பஸ் ஆல்ட்ரின் ஏற்கெனவே ஸ்கூபா பழகியவர். ஒரு பள்ளிக்கூட நீச்சல் குளத்தில் மூழ்காமலும் மிதக்காமலும் எடை கட்டிக்கொண்டு ஒத்திகை பார்த்தார். 1966 நவம்பரில் ஜெமினி-12-ல் மூன்று தடவையாக மொத்தம் ஐந்தரை மணி நேரம் வேலை செய்தார். புதிதாக வைத்தது என்ன? கைப்பிடி, கால் நுழைக்க இடம், இடுப்பு வார். நம்ம டவுன் பஸ்ஸில் எப்போதும் உள்ள சமாசாரம்! இன்று ஹூஸ்டனில் அதற்கென்றே குளம் இருக்கிறது: 62 மீட்டர் நீளம், 31 மீட்டர் அகலம், 12 மீட்டர் ஆழம்.

ஆனால் தண்ணீர் ஒரு விஷயத்தில் ஏமாற்றும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் விரலில் துணி சுற்றி, காலில் தகட்டைக் கட்டி உதைத்து முன்னேறுகிறார்கள். உதைக்கத் தண்ணீர் இருக்கிறது, நிறுத்தவும் அதே தண்ணீர். நிலையத்தில் காற்றை எவ்வளவு உதைத்தாலும் பெரிதாக நகர மாட்டீர்கள். சுவரை விரலால் தள்ளினால் எதிர்ச்சுவர் வரும்வரை நிற்கவும் மாட்டீர்கள்.

அதனால் அங்கே போக்குவரத்து கையால், நிற்பது கால்விரலால். 2025-ல் நம்ம சுபான்ஷு சுக்லா 18 நாள் இருந்தாரே, அந்த நிலையம் முழுக்க நீலக் கைப்பிடிகள். அவற்றில் பாதத்தின் மேல்பக்கத்தைக் கோத்துக்கொண்டுதான் வேலை. மாதக்கணக்கில் தங்குபவர்களுக்குப் பாதத்தின் மேல்புறம் காய்த்துப்போகும். உள்ளங்கால் குழந்தைப் பாதம் மாதிரி மெத்தென்றாகி, பழைய தோல் உரியும். சாக்ஸை உதறிக் கழற்றினால் துகள்கள் பக்கத்து ஆளின் மூக்குக்குப் போய்விடும் என்று மெதுவாக உருவுகிறார்கள்.

எந்த சினிமா கேப்டனும் இப்படி சாக்ஸ் கழற்றி நான் பார்த்ததில்லை.