மொழித் தரவு மக்களின் சொத்து

மைசூருவில் 1969இல் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் தமிழர்களுக்குப் புதிதல்ல. செம்மொழித் தமிழுக்கான மையம் 2008இல் சென்னைக்கு வரும் வரை அங்குதான் இயங்கியது. அந்நிறுவனத்தின் மொழியியல் தரவுப் பிரிவு இன்று கூடுதல் முக்கியத்துவம் பெறுகிறது. கணினிக்குத் தமிழ் தானாக வந்துவிடாது. எழுத்தும் பேச்சும் பெருமளவில் திரட்டப்பட்ட பிறகே, எந்தச் சொல்லை அடுத்து எந்தச் சொல் வரும் என்ற நிகழ்தகவை அது கணக்கிட முடியும். இந்தத் திரட்டும் உழைப்பு அங்கே பொதுப்பணத்தில் நடந்துள்ளது. இருளர் மொழிக்காக எந்தப் பெருநிறுவனம் இதைச் செய்யும்?

ஒன்றிய அரசின் கணக்கோ வேறு. தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டுகளில் ரூ.50,000 கோடி என்று 2023இல் முழங்கியது. அதில் சுமார் ரூ.36,000 கோடி தொழில்நிறுவனங்கள் உள்ளிட்ட அரசு சாராத வழிகளில் வர வேண்டுமாம்! நிதி தருவோர் ஆய்வின் திசையையும் தீர்மானிக்க மாட்டார்களா? 2020-21இல் நாட்டின் மொத்த ஆய்வுச் செலவு உள்நாட்டு உற்பத்தியில் வெறும் 0.64 சதவீதம்.

மொழியியலோடு கணினி அறிவியலையும் பயன்பாட்டுக் கணிதத்தையும் இணைக்கும் வட்டார ஆய்வு மையம் ஒன்றை மைசூருவில் முழு அரசு நிதியில், நிரந்தரப் பணியிடங்களுடன் அமைக்க வேண்டும். திரட்டப்பட்ட தரவுகள் அரசுப் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். தென்மாநில அரசுகள் இதைக் கூட்டாக வலியுறுத்த வேண்டும்.