நின்று நின்று நோகும் கால்கள்

முழங்காலுக்குக் கீழே நீல நிறத்தில் புடைத்து, மண்புழுவைப் போல நெளிந்து கிடக்கும் குழாய்களைக் கண்டால் எமது மக்கள் ‘நரம்பு சுருண்டுபோச்சு’ என்பார்கள். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிப்பதில்லை. ‘வயது போனால் வரும்’, ‘பிள்ளை பெற்றவளுக்கு வரும்’, ‘பாடுபட்ட உடம்புக்கு வரும்’ என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு, நல்லெண்ணெய் தடவிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். இந்த எண்ணம் மாறவேண்டும். இது நரம்பில் வரும் நோயல்ல. பாடுபட்டதற்குக் கிடைத்த கூலியுமல்ல. நடந்து நடந்து வேலை செய்த கால்கள் ஒரே இடத்தில் நிற்கும் கால்களாக மாறும்போது இந்த நோய்க்கு இடம் கிடைக்கிறது. இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் நேர்ந்திருப்பது இந்த மாற்றமே என்பது எமது கருத்து.

1990இலும் 1995இலும் 2009இலும் காணிகளை விட்டு வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். ஊரில் இருந்தபோது வரம்பில் நடந்தார்கள், தோட்டத்துக்கு நீர் பாய்ச்சினார்கள், மாட்டின் பின்னால் போனார்கள். கால் ஓயவில்லை. இடம்பெயர்ந்த பின்னர் பலருக்குக் கிடைத்தது நிற்கும் வேலை. வெள்ளவத்தையில் புடைவைக் கடையில் நிற்கும் மகள், கொட்டாஞ்சேனையில் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியில் நிற்கும் தகப்பன், ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிக்கை மேசைக்கு முன் நிற்கும் மருமகள் என்று பலர் இருக்கிறார்கள். காலையில் நின்ற இடத்திலேயே இரவும் நிற்கிறார்கள். ‘வயலில் படாத பாடா இங்கே?’ என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் காலின் கணக்கு வேறு.

இரத்தம் மேலேறும் வழி

நரம்பு என்பது மூளையின் கட்டளையையும் உடம்பின் உணர்ச்சியையும் கொண்டு செல்லும் நார். தோலுக்கு மேலே புடைத்துத் தெரிவது அதுவல்ல, இரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் நாளம். காலிலுள்ள இரத்தம் கீழிருந்து மேலே ஏறவேண்டும். கெண்டைக்காலின் தசைதான் அதற்கு இறைப்பு இயந்திரம். நடக்கும்போது அந்தத் தசை இறுகி, இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய இரத்தம் மீண்டும் கீழே விழாதபடி நாளங்களுக்குள்ளே சிறு வால்வுகள் இருக்கின்றன. மேலே போகத் திறக்கும், கீழே விழ விடாது.

கிணற்றில் மெசின் வைத்து இறைத்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உறிஞ்சு குழாயின் அடியில் புட்வால்வு இருக்கிறது. அது பழுதானால் குழாயிலுள்ள நீர் முழுவதும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். காலிலும் அப்படித்தான். வால்வு சரியாக மூடாவிட்டால் இரத்தம் கீழே வழிந்து தேங்குகிறது. தேங்கிய இரத்தத்தின் பாரத்தால் நாளம் விரிகிறது. நாளம் விரிய, அடுத்த வால்வின் இதழ்களும் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகின்றன. இப்படியே பழுது படிப்படியாகக் கூடுகிறது.

இத்தாலியில் ஃபப்ரீசியஸ் என்ற வைத்தியர் இந்த வால்வுகளைப் பற்றி 1603இல் நூல் வெளியிட்டார். அவரிடம் படித்த ஆங்கிலேயரான வில்லியம் ஹார்வி, அவை எதற்காக இருக்கின்றன என்பதை 1628இல் விளக்கினார். அதை நீங்களும் செய்து பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, புறங்கையில் தெரியும் ஒரு நாளத்தை விரல் பக்கமாக ஒரு விரலால் அழுத்திப் பிடியுங்கள். இன்னொரு விரலால் மணிக்கட்டை நோக்கித் தடவிவிட்டு, அந்த விரலை எடுங்கள். மேலே போன இரத்தம் வால்வைத் தாண்டித் திரும்பி வராது. அழுத்திய விரலை எடுத்தால்தான் நாளம் கீழிருந்து நிரம்பும்.

யாருக்கு வருகிறது?

தாய் தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்புக் கூடுகிறது. வயது ஏற வால்வுகள் தளர்கின்றன. கர்ப்ப காலத்தில் இரத்தத்தின் அளவு கூடுகிறது, ஓமோன்களால் நாளச் சுவர் இளகுகிறது, வளரும் கருப்பை வயிற்றிலுள்ள நாளங்களை அழுத்துகிறது. பல பிள்ளைகள் பெற்ற தாய்மாரிடம் இந்நோயை அதிகமாகக் காண்பதற்கு இவையே காரணம். உடற்பருமன், முன்னர் காலின் ஆழத்தில் இரத்தம் உறைந்திருத்தல் என்பவையும் காரணங்களாகும். இவற்றோடு நெடுநேரம் அசையாமல் நிற்பது சேரும்போது நிலைமை மோசமாகிறது. காலைத் தொங்கவிட்டு நாள் முழுவதும் அசையாமல் இருப்பதும் நல்லதல்ல. வடக்கிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்கு வந்து இறங்குபவர்களின் கால் வீங்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

அறிகுறிகள்

தொடக்கத்தில் பின்னேரமானால் கால் பாரமாகும், உளையும். கணுக்காலில் வீக்கம் தெரியும், காலையில் எழும்பும்போது அது வற்றியிருக்கும். இரவில் கெண்டைக்கால் குரக்கைப் பிடிக்கும். புடைப்பைச் சுற்றிக் கடி எடுக்கும். இந்தக் கட்டத்தில் வைத்தியரிடம் காட்டுவோர் குறைவு. நோய் சேலைக்குள்ளும் சாரத்துக்குள்ளும் மறைந்திருக்கிறது.

அடுத்த கட்டத்தில் கணுக்காலின் உட்புறத்துக்கு மேலே தோல் கறுத்துத் தடிக்கிறது. அதன் பின்னர் ஒரு சிறு கீறல் போதும், மாதக்கணக்கில் ஆறாத புண்ணாகிவிடும். அந்தப் புண்ணோடு வயற்சேற்றில் இறங்குவது இரட்டை ஆபத்து, ஏனெனில் எலிக்காய்ச்சலின் கிருமி புண் வழியாகவும் உடம்புக்குள் புகும்.

கால் வீக்கம் எல்லாம் நாளப் புடைப்பு என்றும் நினைத்துவிடக் கூடாது. இருதய நோயிலும் சிறுநீரக நோயிலும் கால் வீங்கும். மேல் மாகாணத்துக் கரையோரத்தில் வாழ்பவர்கள் யானைக்கால் என்று பயப்படுவதுண்டு. அது நுளம்பு பரப்பும் வேறொரு நோய். பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை அதை நீக்கிவிட்டதாக 2016இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எந்த வீக்கம் எந்த நோயால் வந்தது என்பதை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு வேளைகளில் மறுநாள் வரை காத்திருக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிக் கெண்டைக்கால் நொந்தால், அல்லது அதோடு மூச்சு முட்டி நெஞ்சு நொந்தால், உறைந்த இரத்தக் கட்டி காரணமாக இருக்கலாம். உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். புடைத்த நாளம் வெடித்து இரத்தம் பாய்ந்தால் நோயாளியைப் படுக்க வைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். தொடையில் கயிறு கட்ட வேண்டாம். இரத்தம் நின்றாலும் வைத்தியரிடம் காட்டுங்கள்.

பொரளைக்குத்தான் போக வேண்டுமா?

பெரியாஸ்பத்திரி, காசல் வீதிப் பெண்கள் வைத்தியசாலை, ஆயுர்வேத போதனா வைத்தியசாலை எல்லாம் பொரளையிலும் அதன் அண்டையிலும் இருப்பதால், பெரிய வைத்தியம் என்றால் பொரளை என்றே எமது மக்கள் எண்ணுகிறார்கள். அங்கே போகப் பணமில்லை, தங்க இடமில்லை என்று சொல்லி நோயைத் தள்ளிப் போடுகிறார்கள். இது தேவையற்ற தாமதம். இந்நோயின் முதல் வைத்தியத்துக்குப் பொரளை வேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலேயே காலைக் காட்டலாம். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகும்போது குடும்பநல உத்தியோகத்தரிடம் தாமாகவே காட்டவேண்டும்.

தொடக்க நிலையில் வைத்தியம் எளியது. நாளில் மூன்று நான்கு தடவை, கால் இருதயத்துக்கு மேலே நிற்கும்படி தலையணையில் உயர்த்திக் கால் மணித்தியாலம் படுத்திருங்கள். தினமும் நடவுங்கள். நிற்க வேண்டி வந்தால் குதிக்காலை உயர்த்தி உயர்த்தி இறக்குங்கள், கெண்டைக்கால் இறைப்பைத் தொடங்கும். இறுக்கமான இலாஸ்ரிக் காலுறை அல்லது துணிப்பட்டி நல்ல பலன் தரும். ஆயினும் நீரிழிவு உள்ளவர்களும் நெடுங்காலம் புகைபிடித்தவர்களும் வைத்தியரைக் கேளாமல் அதைக் கட்டக் கூடாது. அவர்களின் காலுக்கு இரத்தம் இறங்கும் நாடிகளும் ஒடுங்கியிருக்கக்கூடும், இறுக்கினால் கால் பழுதாகும். புண்ணுக்குச் சாம்பலும் பச்சிலைச் சாறும் வைக்காதீர்கள். சுத்தம் செய்து, வைத்தியர் சொன்னபடி அழுத்திக் கட்டுவதே அதை ஆற்றும்.

அட்டை விடுவது ஆயுர்வேத, சித்த வைத்தியங்களில் பழைய முறை. அதனால் உளைவு குறையலாம், ஆனால் பழுதான வால்வு திருந்தாது. வேண்டுமென்றால் படித்த வைத்தியரிடமே செய்துகொள்ளுங்கள்.

முற்றிய நிலையில் ஸ்கான் பார்த்து, பழுதான நாளத்தைச் சத்திரசிகிச்சையால் அகற்றுவார்கள், அல்லது லேசர் வெப்பத்தாலோ ஊசிமருந்தாலோ மூடுவார்கள். ‘நாளத்தை எடுத்தால் இரத்தம் எதால் போகும்?’ என்ற பயம் பலருக்கு உண்டு. காலின் இரத்தத்தில் பெரும்பகுதி ஆழத்திலுள்ள நாளங்களால்தான் போகிறது. கசியும் கிளை வாய்க்காலை அடைத்தால் பெரிய வாய்க்காலில் நீர் ஒழுங்காக ஓடுவதைப் போன்றதே இது. ஆழத்து நாளம் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் முதலில் ஸ்கான் எடுக்கிறார்கள்.

இருக்கக் கேட்பது குற்றமா?

வைத்தியத்தை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமாகாது. பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வருபவளிடம் ‘காலை உயர்த்திப் படு’ என்று சொன்னால் போதுமா? கேரளத்தில் புடைவைக் கடைகளில் வேலை செய்த பெண்கள், வேலை நேரத்தில் இருக்கவும் விடுகிறார்களில்லை என்று பல ஆண்டுகள் போராடினார்கள். அவர்கள் சொன்ன முறைப்பாடுகளில் காலில் நாளம் புடைப்பதும் ஒன்று. அதன் பலனாக 2018இல் அங்கே கடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஊழியர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டுமென்று விதிக்கப்பட்டது. 2021இல் தமிழ்நாட்டிலும் அத்தகைய திருத்தம் நிறைவேறியது. சாதாரணக் கடைப் பெண்கள் ஒன்று சேர்ந்து கேட்டதால் கிடைத்தது இது.

வாடிக்கையாளர் இல்லாத வேளையில் ஒரு ஸ்டூலில் ஐந்து நிமிடம் இருப்பதால் எந்த வியாபாரமும் நட்டப்படப் போவதில்லை. எமது பிள்ளைகள் வேலைக்குப் போகும் இடங்களில் இதைக் கேட்பதற்கு வெட்கப்படவோ பயப்படவோ கூடாது. தனியே கேட்க முடியாவிட்டால் கூடிக் கேட்கட்டும். கடை வைத்திருக்கும் எம்மவர்கள் கேட்கும்வரை காத்திராமல் தாமாகவே கொடுக்கட்டும். மாதர் சங்கங்களும் கமக்காரர் அமைப்புகளும் அடுத்த கூட்டத்தில் இந்நோயைப் பற்றிப் பேச ஒரு தாதியை அழைக்கட்டும்.

காணி திரும்பக் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள், இன்னும் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். என்றைக்குத் திரும்பினாலும் அந்த மண்ணில் இறங்கி நடக்கக் கால் வேண்டும். இன்று பின்னேரம் வேலை முடிந்ததும் உங்கள் கால்களையும் வீட்டிலுள்ள தாயின் கால்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். தோல் கறுக்கும்வரை பொறுத்திராமல் வைத்தியரிடம் காட்டுங்கள்.